நீர் இருக்கும் இடம் அறிந்தவர்கள்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜோர்தானின் தெற்கே பெட்ராவிலும் வாதி ரம்மிலும் பெதூயின் எனப்படும் பாலைவாழ் மக்களைச் சேர்ந்த வழிகாட்டிகளோடு சுற்றி வந்ததைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். படங்களைக் காட்டி, ஒட்டகச் சவாரியைச் சொல்லி, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதைச் செய்ய எனக்கு மனமில்லை. உங்கள் முன் வைக்க ஒரு கருத்து இருக்கிறது. பெட்ராவின் பாறையில் குடைந்த முகப்புகளைவிடப் பழமையான ஒன்று அந்த நிலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீர் எங்கே நிற்கும், வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வரும், வாசலுக்கு வந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்ற அறிவுதான் அது. அதைக் கையில் வைத்திருப்பவர்களில் ஒருவரைத்தான் நாம் பணம் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்துகிறோம். அவரைப் பாதை காட்டும் ஆளாக மட்டும் நினைத்துக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், பார்க்க வேண்டியதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்பது என் துணிபு.

கி.மு. 312-இல் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவனான ஆண்டிகோனஸ், பின்னாளில் பெட்ராவைக் குடைந்த நபாத்தியர் என்ற அரபு மக்கள் மீது படை அனுப்பினான். கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் அந்தப் படையெடுப்பைச் சொல்லும்போது அந்த மக்களின் வாழ்க்கையையும் சொல்கிறார். அவர்கள் தானியம் விதைப்பதில்லை, பழமரம் நடுவதில்லை, மது அருந்துவதில்லை, வீடு கட்டுவதில்லை. மீறினால் மரண தண்டனை. வீடும் வயலும் உள்ளவன் அவற்றைக் காப்பாற்றிக்கொள்ள வலியவனுக்குப் பணிந்துவிடுவான் என்பது அவர்கள் எண்ணம். எதிரி வந்தால் பாலைக்குள் போய்விடுவார்கள். அங்கே அவர்களைக் காப்பது நிலத்தடித் தொட்டிகள். வாய் குறுகியதாகவும் உள்ளே போகப் போக அகன்றும் தோண்டி, உட்புறம் பூசி, மழைநீரால் நிரப்பி, வாயை மூடி, தங்களுக்கு மட்டுமே தெரிந்த அடையாளத்தை மேலே வைத்துவிடுவார்கள். துரத்தி வந்த படை தாகத்தால் திரும்பியாக வேண்டும்.

பெட்ராவின் புகழ்பெற்ற முகப்புகள் எதுவும் அப்போது எழவில்லை. நாம் படத்தில் பார்க்கும் அல் கஸ்னா கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், நான்காம் அரேத்தஸ் என்ற மன்னன் காலத்தில் குடையப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆக, சிற்பிக்கு முன்பே தொட்டி வெட்டியவன் இருந்தான். வீடு கட்டாதே என்று சட்டம் வைத்திருந்த மக்கள் மூன்று நூற்றாண்டுகளில் ஒரு தலைநகரையே மலைக்குள் குடைந்தார்கள். அதற்கான செல்வம் சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைப் பொருள்களின் வணிகத்தில் வந்தது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்ற வணிகக் கையேடு, செங்கடல் துறை ஒன்றிலிருந்து நபாத்தியர் மன்னன் மாலிகஸ் இருக்கும் பெட்ராவுக்குச் செல்லும் வழியைச் சொல்கிறது. அதே கையேடுதான் முசிறித் துறையையும் அங்கே ஏற்றப்பட்ட மிளகையும் சொல்கிறது. சேரநாட்டுக் கரையும் பெட்ராவும் ஒரே வணிகனின் ஒரே நூலுக்குள் இருந்தன. பெட்ராவில் நின்றபோது இது நினைவுக்கு வந்து எனக்கு மெய்சிலிர்த்தது.

பெட்ராவுக்குள் நுழையும் வழி சீக் எனப்படும் மலைப்பிளவு. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் செந்நிறப் பாறை செங்குத்தாக எழுந்து சில இடங்களில் வானத்தையே மறைக்கிறது. அல் கஸ்னா எப்போது கண்ணில் படும் என்ற தவிப்பில் எல்லாரும் முன்னே பார்த்து விரைகிறார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். எங்கள் வழிகாட்டி எங்களை நிறுத்திப் பாறைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், மறுபக்கம் சுடுமண் குழாய் பதித்த தடம். ஐன் மூசா ஊற்றிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்த வழி அது. ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்கிற நாட்டில், ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம் குடித்தது இந்த நீரையும், மலைச்சரிவுகளில் வெட்டிய தொட்டிகளில் சேர்ந்த மழைநீரையும்தான்.

சீக்கின் வாசலிலேயே இன்னொரு வேலை செய்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் வாதி மூசா ஓடையில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம் இந்தப் பிளவுக்குள் நுழையாதபடி அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக வேறு திசைக்குத் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அணை சிதைந்தது. 1963 ஏப்ரலில் சீக்குக்குள் வெள்ளம் புகுந்து, பிரான்சிலிருந்து வந்திருந்த சுற்றுலாக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பழைய அணை இருந்த இடத்திலேயே புதிய அணை எழுந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் மலையைப் பார்த்து எடுத்த முடிவு சரி என்பதை இருபதாம் நூற்றாண்டு இப்படி உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2018 நவம்பரில் மறுபடியும் பெருவெள்ளம் வந்து ஆயிரக்கணக்கான பயணிகளை அங்கிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. "நம் தலைக்கு மேலே வானம் நீலமாக இருப்பதைப் பார்த்து நம்பாதீர்கள், கிழக்கு மலையைப் பாருங்கள்" என்று வழிகாட்டி சொன்னபோது நான் அதை ஏட்டில் குறித்துக்கொண்டேன்.

கி.பி. 106-இல் ரோமானியப் பேரரசன் திராஜன் நபாத்திய அரசைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். வணிகம் கடல்வழிக்கும் வடக்கே பால்மிராவுக்கும் நகர்ந்தது. 363-இல் நிலநடுக்கம். நகரம் மெல்ல ஒடுங்கியது. 1812-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புர்க்ஹார்ட் முஸ்லிம் பயணியாக வேடமிட்டு உள்ளே வந்ததை ஐரோப்பியர் 'கண்டுபிடிப்பு' என்று எழுதினார்கள். தொலைந்தால்தானே கண்டுபிடிக்க வேண்டும்? அங்கே மக்கள் இருந்தார்கள். புர்க்ஹார்டை அழைத்துச் சென்றவரும் உள்ளூர் வழிகாட்டிதான்.

அந்த மக்களில் ஒரு பிரிவினர் ப்தூல் பெதூயின்கள். பெட்ராவின் குகைகளிலும் கல்லறை அறைகளிலும் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள். தாங்கள் நபாத்தியரின் வழித்தோன்றல்கள் என்று அவர்களில் சிலர் சொல்வார்கள். அதை நிறுவ எழுத்துச் சான்று கிடையாது, ஆனால் அவர்கள் ஆடு மேய்த்த சரிவுகளும், தண்ணீர் மொண்ட தொட்டிகளும், பயிர் செய்த மேட்டுநிலங்களும் நபாத்தியர் வெட்டிச் சீர்செய்தவைதான். மார்கரீட் வான் கெல்டர்மால்சன் என்ற நியூசிலாந்துச் செவிலியர் 1978-இல் பயணியாக வந்து இவர்களில் ஒருவரை மணந்து குகை வீட்டில் குடும்பம் நடத்தினார். பின்னாளில் அந்த வாழ்க்கையை நூலாகவும் எழுதினார். ஊற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது, ரொட்டி சுடுவது, குகை வாசலில் அமர்ந்து அண்டை வீட்டாரோடு பேசுவது என்று அன்றாடம் நகர்ந்த ஒரு சிற்றூர் அது.

1985-இல் யுனெஸ்கோ பெட்ராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஆண்டை ஒட்டியே குகைகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு, மேலே உம் சைஹூன் என்ற புதிய குடியிருப்பில் சிமெண்ட் கட்டிட வீடுகளில் வைக்கப்பட்டார்கள். மின்சாரம், பள்ளிக்கூடம், மருத்துவ வசதி எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன. அதன் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குகையில் பிரசவம் பார்ப்பதை யாரும் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஆடு வைத்திருந்தவனுக்கு மேய்ச்சல் போனது. குடும்பம் பெருகியபோது வீடு கட்ட இடம் போதவில்லை. கல்லைக் காப்பதென்றால் அதன் நடுவே வாழ்ந்தவரை நகர்த்த வேண்டும் என்று அன்று முடிவு செய்தவர்கள் நினைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2005-இல், அதே யுனெஸ்கோ பெட்ராவிலும் வாதி ரம்மிலும் வாழும் பெதூயின் மக்களின் பண்பாட்டு வெளியை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அவர்களுடைய தடம் பார்க்கும் திறனும், பாறை ஏறும் திறனும், கூடார வாழ்வும், பாடலும், மூலிகை அறிவும் அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. அந்தத் திறன்களை எல்லாம் அந்த மக்கள் கற்றது இடம்பெயரும் முன் வாழ்ந்த நிலத்தில்தான். அந்த நிலத்தோடு உள்ள உறவு அறுந்தால் பேரப்பிள்ளைகள் அவற்றை எங்கே கற்பார்கள்? இந்தக் கேள்வி எனக்கு மிக முக்கியமானது. உம் சைஹூனில் இருந்து தினமும் கீழே இறங்கி வந்து வழிகாட்டியாகவும் கழுதை ஓட்டுபவராகவும் தேநீர்க்கடை வைப்பவராகவும் வேலை செய்கிறவர்கள், ஒரு வகையில் அந்த உறவை அறுந்துபோகாமல் வைத்திருக்கிறார்கள்.

இனி விருந்தோம்பலுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

பெட்ராவில் வாழ்ந்திருந்த தன் நண்பர் சொன்னதைக் கேட்டு, ஸ்திராபோ என்ற புவியியல் ஆசிரியர் நபாத்தியர் விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பதின்மூன்று பேராகச் சேர்ந்து உண்பார்கள். பாட இரு பெண்கள் இருப்பார்கள். பதினொரு கோப்பைக்கு மேல் யாரும் குடிப்பதில்லை. மன்னன் தனக்குத் தானே பரிமாறிக்கொள்வான், சில சமயம் விருந்தினருக்கும் தன் கையாலேயே பரிமாறுவான். பெட்ராவில் நடந்தால் பாறையில் குடைந்த அறைகளில் மூன்று பக்கமும் திண்ணை விட்ட விருந்துக்கூடங்களை எங்கும் பார்க்கலாம். பக்கத்திலுள்ள சின்னப் பெட்ரா எனப்படும் இடத்தில் ஓர் அறையின் கூரையில் திராட்சைக்கொடியும் பறவைகளும் தீட்டிய ஓவியம்கூட மிஞ்சியிருக்கிறது. நபாத்திய மன்னனின் பந்தியிலிருந்து இன்றைய பெதூயின் கூடாரம் வரை நேர்க்கோடு இழுக்க என்னிடம் சான்று இல்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: வந்தவருக்கு வீட்டுத் தலைவரே தன் கையால் ஊற்றிக் கொடுப்பதைப் பெருமையாக நினைக்கும் பழக்கம் அந்த நிலத்தில் மிகப் பழையது.

பெதூயின் கூடாரத்தில் காப்பி போடுவதை உட்கார்ந்து பாருங்கள். பச்சைக் கொட்டையை நீண்ட கைப்பிடி கொண்ட இரும்புக் கரண்டியில் நெருப்பின் மேல் பிடித்து இளம் பழுப்பாக வறுக்கிறார்கள். ஆறவைத்து மிஹ்பாஷ் என்ற மர உரலில் இடிக்கிறார்கள். அந்த இடிக்கு ஒரு தாளம் உண்டு. காப்பி தயாராகிறது, வாருங்கள் என்று அக்கம்பக்கத்துக் கூடாரங்களை அழைக்கிற ஒலி அது. ஏலக்காய் சேர்த்துக் கொதிக்க வைத்து, மூக்கு நீண்ட தல்லா குடுவையிலிருந்து கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் அடியில் மட்டும் படும்படி ஊற்றுகிறார்கள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள்படும். ஊற்றுகிறவர் இடக்கையில் குடுவை, வலக்கையில் கிண்ணம். வாங்குகிறவரும் வலக்கையால்தான் வாங்க வேண்டும். முதல் கிண்ணம் விருந்தினருக்கு, இரண்டாவது இன்பத்துக்கு, மூன்றாவது வாளுக்கு. வாளுக்கு என்றால், அந்தக் கூடாரத்துக்கு ஆபத்து வந்தால் அதைக் காக்க நீங்களும் நிற்பீர்கள் என்ற உடன்பாடு. போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று மூன்று நாள் வரை கேட்கக்கூடாது என்பது பழைய மரபு. அதன் அடியில் கடுமையான வாழ்க்கைக் கணக்கு இருக்கிறது. அடுத்த தண்ணீர் ஒருநாள் தொலைவில் இருக்கிற நிலத்தில், வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புவது அவனைக் கொல்வதற்குச் சமம். இன்று அவன் உன் கூடாரத்தில், நாளை நீ அவன் கூடாரத்தில். இவர்களுடைய விருந்தோம்பலை இனிய குணம் என்று மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் அதன் கனத்தை உணரவில்லை என்பேன். பாலையில் அது சட்டம்.

அந்தக் கூடாரம் எழுவது பெண்கள் கையால். ஆட்டு ரோமத்தைத் திரித்து நூலாக்கி, தரையில் விரித்த தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, அவற்றைத் தைத்துக் கூரையாக்குகிறார்கள். வெயிலில் இழைகளின் இடைவெளி வழியே காற்றும் புகையும் போகும், மழையில் ரோமம் உப்பி இடைவெளி அடைபட்டுவிடும். உள்ளே நெய்த திரை ஒன்று ஆண்களும் விருந்தினரும் அமரும் பகுதியையும் குடும்பப் பகுதியையும் பிரிக்கிறது. வெளியாள் ஆண் பார்ப்பது முன்பகுதியை மட்டும். எங்கள் குழுவிலிருந்த பெண்கள் திரைக்கு அப்பால் அழைக்கப்பட்டார்கள். நூல் திரிப்பதையும் ரொட்டி தட்டுவதையும் அவர்கள்தான் பார்த்து வந்து எங்களுக்குச் சொன்னார்கள். பெண்கள் சொன்னதைக் கேட்காமல் நான் மட்டும் இங்கே பேசியிருந்தால் பாதிக் கூடாரத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

வாதி ரம் பெட்ராவுக்குத் தெற்கே இருக்கிறது. ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பாலை. 2011-இல் இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. டேவிட் லீன் இயக்கி 1962-இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் முக்கியக் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டதால், வருகிறவர்கள் பலர் லாரன்ஸைத் தேடியே வருகிறார்கள். எனக்கு அதைவிடப் பாறைகளே பெரிதாகப் பட்டன. இங்கே சுமார் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் பதிவாகியிருக்கின்றன. மனிதர் நடமாட்டம் 12,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. கஸாலி என்ற மலைப்பிளவுக்குள் ஒட்டகங்கள், மனித உருவங்கள், பாதத் தடங்கள். தமூதியம் எனப்படும் பழைய எழுத்தில் பெரும்பாலும் காண்பது 'இன்னார் மகன் இன்னார்' என்ற பெயர்கள்தான். ஆடு மேய்த்தவரும், வணிகக் கூட்டத்தோடு போனவரும், வழிபட வந்தவரும் தங்கள் பெயரை விட்டுப் போயிருக்கிறார்கள். அரசனின் மெய்க்கீர்த்தி எதுவும் அங்கே கிடையாது. சாதாரண மனிதர் எழுதத் தெரிந்து எழுதியவை. அதனாலேயே அவை என்னை உலுக்கின.

ரம் மலையின் அடியில் அல்லாத் என்ற பெண் தெய்வத்துக்கு நபாத்தியர் கட்டிய கோயில் இடிந்து கிடக்கிறது. அதற்கு மேலே மலைச்சரிவில் ஐன் ஷலாலா ஊற்று. அந்த ஊற்றிலிருந்து கோயிலுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். ஏன் அங்கே மட்டும் நீர்? வழிகாட்டி மணலில் விரலால் படம் போட்டு விளக்கினார். மேலே மணற்பாறை, கீழே கருங்கல். மழைநீர் மணற்பாறைக்குள் மெல்ல இறங்கும். கருங்கல்லைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். ஆகவே ஊற்றைத் தேடுகிறவன் இரண்டு பாறைகளும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், அந்தக் கோட்டில் பச்சை தெரிகிற இடத்தில் நீர் இருக்கும். நிலவியல் பாடநூல் சொல்வதும் இதையேதான். அவர் தம் தந்தையிடம் ஆடு மேய்த்த காலத்தில் கற்றுக்கொண்டாராம்.

பாறை ஏறும் வழிகளிலும் இதே கதைதான். 1984-இல் டோனி ஹோவார்ட் என்ற ஆங்கிலேய மலையேறி தன் குழுவினரோடு அங்கே வந்து, இன்று உலகெங்கும் உள்ள ஏறுபவர்கள் பயன்படுத்தும் வழிகளை எழுதி வெளியிட்டார். அவற்றில் பல, பெதூயின் வேட்டைக்காரர்கள் காட்டு ஆட்டைத் தேடி வெறுங்காலோடு ஏறிய பழைய வழிகள். அவர்களே அவரை அழைத்துப் போனார்கள் என்பதை அவரும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

நீரைப் பற்றி இன்னும் ஒன்று. வாதி ரம் பகுதியின் அடியில் தீசி என்ற நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை சேர்ந்தது, மறுபடி நிரம்பாதது. 2013 முதல் ஆண்டுக்கு 10 கோடி கனமீட்டர் அளவுக்கு அதிலிருந்து எடுத்து, 325 கிலோமீட்டர் குழாயில் தலைநகர் அம்மானுக்கு அனுப்புகிறார்கள். உலகிலேயே நீர்வளம் மிகக் குறைந்த நாடுகளில் ஜோர்தான் ஒன்று. அகதிகளையும் ஏற்றுக்கொண்ட நாடு. அம்மானுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் வாதம் இல்லை. ஆனால் ஒரு தொட்டி நீரைக் குடும்பம் குடும்பமாக அளந்து குடித்த மக்களின் கணக்கு, அந்தக் குழாயைத் திறந்து மூடுகிறவர்களுக்கும் வேண்டும் என்று விரும்புகிறேன்.

நண்பர்களே, உங்களில் சிலர் போகத் திட்டமிட்டிருப்பதாக அறிகிறேன். இரண்டு மூன்று சொற்கள் அவர்களுக்கு.

வாதி ரம்மில் இப்போது கண்ணாடிக் குமிழ் அறைகள் வைத்த முகாம்கள் நிறைய. உரத்த இசை, மின்விளக்கு. அதைக் கண்டு 'உண்மையான பெதூயின் எங்கே' என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பிக்கப் வண்டி ஓட்டி, கைப்பேசியில் பேசி, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற பெதூயினும் உண்மையான பெதூயின்தான். ஒட்டகத்திலிருந்து இறங்கி அவர்கள் வண்டி ஏறி அரை நூற்றாண்டு ஆகிறது. நமக்காக அவர்கள் பழைய வேடத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தங்குமிடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ரம் கிராமத்துக் குடும்பமே நடத்துகிற சிறிய முகாமாக இருந்தால், நீங்கள் கொடுக்கும் பணம் அங்கேயே நிற்கும். மணலில் குழி தோண்டித் தணலில் இறைச்சியைப் புதைத்துச் சமைக்கும் ஸர்பு விருந்தை அங்கேயும் தருவார்கள்.

பெட்ராவில் சிறுவர் சிறுமியர் அஞ்சல் அட்டைகளையும் பாசிமணிகளையும் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். விற்பனை நன்றாக நடந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அதே பொருளைப் பெரியவர்களின் கடையில் வாங்குங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி அத்தெய்ர் முகப்பைப் பார்க்கக் கழுதையில் போகலாம், ஆனால் வெயிலில் அந்த விலங்கு படும் பாட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடக்க முடிந்தவர் நடப்பதே நல்லது. 2019-இல் முதன்முறையாக ஒரே ஆண்டில் பத்து லட்சம் பேர் பெட்ராவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே பெருந்தொற்றில் வாசல் மூடியது. 2023 அக்டோபரில் காசாவில் போர் தொடங்கிய பிறகு வருகை மறுபடி விழுந்தது. சுற்றுலாவை மட்டும் நம்பி ஆடுகளை விற்றுவிட்ட குடும்பங்கள் இதில் எவ்வளவு நொந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பேரம் பேசும்போது அந்த நினைவு இருக்கட்டும்.

மார்ச்சு முதல் மே வரையும், அக்டோபர் நவம்பரிலும் போகலாம். இரண்டு பருவத்திலும் திடீர் மழை வரும், வழிகாட்டி திரும்பலாம் என்றால் மறுபேச்சின்றித் திரும்புங்கள். அவரை அமர்த்தும்போது எத்தனை இடம் காட்டுவார் என்று கேட்காதீர்கள். அவர் எங்கே பிறந்தார், அவருடைய தந்தை எங்கே தண்ணீர் எடுத்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.